குதிரைக்குக் கோடைக்கால ரோம வெட்டு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

ரோமம் வெட்டிக்கொண்டிருக்கும்போது குதிரை சட்டென்று தோலைச் சிலிர்த்து ஓர் அடி விலகினால், பக்கத்தில் கயிறு பிடித்திருப்பவர் முதலில் "ஏய், நில்லு" என்று அதட்டுவார். நான் மெஷினை அணைத்துவிட்டு, பிளேடைத் திருப்பி என் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மூன்று விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் தப்பு குதிரையிடம் இல்லை.

வெட்டு சரியாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டுகிற இடத்தில் இருக்காது. முந்தின நாள் குளிப்பாட்டியதில் இருக்கும், பிளேடின் இறுக்கத்தில் இருக்கும், சில சமயம் குதிரையின் உடம்புக்குள்ளேயே இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு தலைப்பையும் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்பே எல்லோரும் படித்துவிடுங்கள்.

கோடை வந்துவிட்டது, ரோமம் இன்னும் உதிரவில்லை

குதிரையின் உடம்பு ரோமத்தை உதிர்ப்பது பெரும்பாலும் பகலின் நீளத்தைக் கணக்கில் வைத்து. வெயில் ஏறுவதற்கு அதில் சிறிய பங்குதான். ஆண்டின் மிகக் குறுகிய பகல் கடந்து வெளிச்சம் நீள ஆரம்பித்ததும், கண் வழியாக மூளைக்குச் செய்தி போய், குளிர்கால ரோமம் தளர ஆரம்பிக்கும். ஆரோக்கியமான குதிரைக்கு வெக்கை உச்சத்தைத் தொடும் முன்பே குட்டையான, வழுவழுப்பான கோடை ரோமம் வந்திருக்க வேண்டும். அப்படி வந்துவிட்ட குதிரைக்கு வெட்டே தேவையில்லை. அந்தக் குட்டை ரோமம் வெயிலிலிருந்தும் ஈக்கடியிலிருந்தும் தோலைக் காப்பாற்றுகிறது. வெக்கைக்கு நல்லது என்று அதையும் வழித்தெடுத்தால் தோலுக்கு நிழல் போய்விடும்.

வெட்டு தேவையா என்று பார்க்க நான் இரண்டு காரியம் செய்வேன். விலாப்பக்கம் ரோமத்துக்கு எதிர்த்திசையில் விரல்களைத் தள்ளிப் பார்ப்பேன். நகம் முழுக்க ரோமத்துக்குள் மறைந்தால் அது கோடை ரோமம் அல்ல. அப்புறம், வேலை முடிந்து நிழலில் கட்டி ஒரு மணி நேரம் கழித்துத் தோலைத் தொட்டுப் பார்ப்பேன். காற்றில் ஈரப்பதம் அதிகமில்லாத நாளிலும் உள்ளே இன்னும் சொதசொத என்று இருந்தால், வியர்வை தோலிலிருந்து ஆவியாகாமல் ரோமத்துக்குள் தங்குகிறது என்று அர்த்தம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ரோமத்தில் தங்கிய வியர்வை சுமையே தவிர உதவி இல்லை.

சரி, ரோமம் ஏன் உதிரவில்லை? பூமத்தியரேகைக்குத் தெற்கேயிருந்து வடக்கே, அல்லது வடக்கேயிருந்து தெற்கே கப்பலிலோ விமானத்திலோ வந்த குதிரை, அங்கே குளிர்காலத்துக்குப் போர்த்திய ரோமத்தோடு இங்கே கோடையில் வந்து இறங்கும். அதற்கு வெட்டுதான் வழி. குடற்புழு, போதாத தீனி, தேய்ந்துபோன பல் ஆகியவையும் உதிர்வதைத் தள்ளிப்போடும். இவை எதுவும் இல்லாமல், வயது பதினைந்தைத் தாண்டிய குதிரை ரோமம் உதிர்க்காமல் நின்றால் நான் மெஷினைத் தேட மாட்டேன், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவேன்.

காரணம், வயதான குதிரைகளில் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் நடுப்பகுதி கட்டுப்பாடு இழந்து ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கும் ஒரு நோய் உண்டு. குஷிங் நோய் என்று பலரும் சொல்வார்கள், மருத்துவர்கள் பி.பி.ஐ.டி. என்பார்கள். நீளமான, சில சமயம் சுருண்ட ரோமம் அதன் பெரிய அடையாளம். கூடவே முதுகுச் சதை வற்றும், வயிறு தொங்கும், தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் கழிக்கும். குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே கஷ்டப்படும். ரத்தத்தில் ஏ.சி.டி.எச். ஹார்மோன் அளவைப் பார்த்து இதை உறுதி செய்யலாம். பெர்கோலைட் மாத்திரை கொடுத்துக் கட்டுக்குள் வைக்கலாம், ஆனால் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட குதிரைக்கும் ரோமம் வெட்டத்தான் வேண்டும், அது அதற்குப் பெரிய நிம்மதி. ஆனால் வெட்டிவிட்டோம், பளபளப்பாகிவிட்டது என்று விட்டுவிட்டால் உள்ளே நோய் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

மெஷின் வெட்டாமல் ரோமத்தை இழுக்கிறது, மெல்லுகிறது

அதிகம் வருகிற தகராறு இதுதான். காரணங்களை இந்த வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால் நேரம் மிச்சம்.

முதலில் ரோமத்தைத் தொடுங்கள். ஈரமா? வயிற்றுக்கு அடியிலும் முன்னங்கால் இடுக்கிலும் தொட்டுப் பாருங்கள், முதுகை மட்டும் தடவிவிட்டுக் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஒரு தடவை காலையில் குளிப்பாட்டி மதியமே வெட்ட உட்கார்ந்தேன். முதுகு நன்றாக வெட்டிக்கொடுத்தது. வயிற்றுப் பக்கம் போனதும் பிளேடின் பற்களுக்கு இடையில் ரோமம் பஞ்சுத் திரி மாதிரி திரண்டு அடைத்துக்கொண்டது. அன்று அப்படியே நிறுத்தி, மறுநாள் அதே பிளேடோடு தொடர்ந்தேன், ஒரு தடங்கலும் இல்லை. அதிலிருந்து முந்தின நாள் காலையில் குளிப்பாட்டு, மறுநாள் வெட்டு என்பதுதான் என் வழக்கம்.

ஈரமில்லை என்றால் அழுக்கைப் பாருங்கள். ரோமத்தின் அடியில் படிந்த மண்ணும் பொடுகும் பிளேடுக்கு உப்புக்காகிதம் மாதிரி. குளிப்பாட்ட முடியாத நிலையில் ரப்பர் பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தூசியை மேலே கொண்டுவந்து, கெட்டி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ரோமத்தைப் பிரித்துப் பார்த்தால் தோலின்மேல் சாம்பல் நிறத் துகள் தெரியக் கூடாது.

அதுவும் சுத்தம் என்றால் இறுக்கத்துக்கு வாருங்கள். பிளேடு என்பது ஒன்றல்ல, இரண்டு. அடியில் இருப்பது சீப்பு மாதிரி ரோமத்தைப் பிரித்துக் கொடுக்கும், மேலே இருப்பது பக்கவாட்டில் ஓடி வெட்டும். இரண்டும் ஒட்டி உராய்ந்தால்தான் கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும். திருகு தளர்ந்திருந்தால் ரோமம் இரண்டுக்கும் நடுவில் மடங்கிப் போய் இழுபடும். மிக இறுக்கமாக இருந்தால் வெட்டும், ஆனால் மோட்டார் முனகும், பிளேடு சீக்கிரம் சுடும், முனையும் மழுங்கும். மெஷினோடு வந்த குறிப்பில் எத்தனை திருப்பு என்று சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொதுவாக, வெட்டும் அளவுக்குக் குறைந்தபட்ச இறுக்கத்தில் ஆரம்பித்து, இழுக்க ஆரம்பிக்கும்போது கால் திருப்பு மட்டும் கூட்டுவது நல்லது. கூட்டிக் கூட்டிப் போயும் வெட்டவில்லை என்றால் பிளேடு மழுங்கிவிட்டது. அதற்குமேல் இறுக்கினால் பிளேடும் போகும், மெஷினும் போகும்.

பிளேடைக் கழற்றி மாட்டிய உடனே வெட்டவில்லையா? இரண்டின் தட்டையான, பளபளப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று: ஒரு ஜோடியின் மேல் பிளேடை இன்னொரு ஜோடியின் அடிப் பிளேடோடு சேர்க்காதீர்கள். சாணை பிடிப்பவர் இரண்டையும் ஜோடியாகத்தான் தீட்டித் தருகிறார். மாறிப்போனால் தீட்டியும் தீட்டாத மாதிரிதான். நான் ஒவ்வொரு ஜோடியையும் நூலால் சேர்த்துக் கட்டித் தனித்தனித் துணியில் சுற்றி வைக்கிறேன்.

ஒரு முழு உடம்பு வெட்டுக்குக் குறைந்தது இரண்டு ஜோடி கூர்மையான பிளேடு கையில் இருக்கட்டும். பாதிக் குதிரையில் பிளேடு மழுங்கினால், மழுங்கினதை வைத்தே முடித்துவிடலாம் என்றுதான் மனம் சொல்லும். அந்த மீதிப் பாதியைக் குதிரை மறக்காது, அடுத்த வருடம் மெஷினைக் கண்டதுமே பின்வாங்கும்.

பிளேடு சுடுகிறது

எண்ணெய். பெரும்பாலும் பதில் இதுதான். ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி, பற்களில் ஒட்டின ரோமத்தைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பற்களின் மீதும் மேல் பிளேடு ஓடும் தடத்திலும் சில சொட்டு விட்டு, மெஷினைச் சில விநாடி ஓடவிட்டு, மிஞ்சின எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இந்த வெட்டு மெஷினுக்கென்று (கிளிப்பர்) விற்கும் மெல்லிய எண்ணெய்தான் சரி. சமையல் எண்ணெய் சூட்டில் பிசுபிசுத்து ரோமத்தோடு சேர்ந்து களிம்பாகிவிடும்.

எண்ணெய் விட்டும் சுடுகிறதா? இறுக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். அடுத்து, மெஷினின் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். ரோமம் அடைத்திருந்தால் மோட்டாருக்கு மூச்சு முட்டும், அந்தச் சூடு அப்படியே தலைப்பகுதிக்கு இறங்கும். எல்லாம் சரியாக இருந்தும் சுட்டால், கொஞ்ச நேரம் அணைத்து வைப்பதுதான் வழி. குளிரூட்டும் ஸ்பிரே அடித்தால் பிளேடு சட்டென்று குளிரும், ஆனால் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். அடித்தால் திரும்ப எண்ணெய் விட மறக்காதீர்கள்.

கையிலிருக்கும் மெஷினின் உடம்பு சுடுவதை வைத்துப் பிளேடின் சூட்டைக் கணக்கிடாதீர்கள், இரண்டும் வேறு. மணிக்கட்டின் உட்பக்கம்தான் சரியான தெர்மாமீட்டர். குதிரையின் தோல் தடிமனானது என்று நினைப்போம். ஒரு ஈ உட்கார்ந்ததும் அந்த இடத்தை மட்டும் துடிக்க வைக்கிற தோல் அது.

கோடு கோடாகத் தெரிகிறது

வெட்டி முடித்து வெயிலில் நிறுத்தினால், உழுத நிலம் மாதிரி வரி வரியாகத் தெரியும். ரோமம் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே மங்கிவிடும். ஆனால் காரணம் தெரிந்தால் அடுத்த முறை வராது.

ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் கோடு வரும். முந்தின தடத்தின் பாதியாவது அடுத்த வீச்சுக்குள் வர வேண்டும். பிளேடு தோலின்மீது தட்டையாகப் படியாமல் ஒரு பக்கம் சாய்ந்தாலும் கோடு வரும். வேகமாகத் தள்ளினாலும் வரும். மெஷினின் கனமே போதும், கையால் அழுத்தவே வேண்டாம். குட்டைக் குட்டை வீச்சாக வெட்டுவதைவிட, தோளிலிருந்து நீளமாக, ஒரே வேகத்தில் கொண்டுபோவது நல்லது. அழுக்கு ரோமமும் மழுங்கின பிளேடும் எவ்வளவு நல்ல கையையும் கோடு போட வைக்கும்.

எப்போதும் ரோமம் படிந்திருக்கும் திசைக்கு நேர் எதிராகத்தான் வெட்ட வேண்டும். சுழிகளில்தான் தொல்லை. இடுப்புப் பள்ளத்தில், நெஞ்சின் முன்பக்கம், கழுத்தின் அடியில் ரோமம் சுழித்துத் திசை மாறும். அங்கே நேராகத் தள்ளினால் ஒரு பாதி வழிக்கப்பட்டும் மறு பாதி நிமிர்ந்தும் நிற்கும். சுழியின் நடுவிலிருந்து எந்தப் பக்கம் ரோமம் ஓடுகிறதோ அதைப் பார்த்து, மெஷினை விசிறி மாதிரி திருப்பித் திருப்பி வெட்டுங்கள். அவசரம் வேண்டாம், ஒரு சுழிக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே விழுந்துவிட்ட கோட்டை அழிக்க, அதே இடத்தில் எக்ஸ் வடிவத்தில் குறுக்கும் மறுக்குமாக ஒருமுறை மெதுவாக ஓட்டுங்கள். அதற்கும் போகாதது நாளாக ஆகத்தான் போகும். அதைத் துரத்திக்கொண்டே போனால் ஓரிடம் மட்டும் தோல் தெரியும் அளவுக்கு ஒட்டிவிடும்.

கோடைக்கு எவ்வளவு குட்டையாக வெட்டலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழற்றி மாட்டும் சிறிய பிளேடுகளில் எண் கூடக் கூட ரோமம் குட்டையாகும். 10-ஆம் எண் பிளேடு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் விட்டுவைக்கும், 40-ஆம் எண் கால் மில்லிமீட்டர்தான் விடும். நாற்பது அறுவைச் சிகிச்சைக்கு முன் தோலைச் சுத்தம் செய்ய உதவுவது, வெயிலில் நிற்கப்போகும் குதிரைக்கு வேண்டாம். அகலமான குதிரை பிளேடுகளில் ஃபைன் (குட்டை), மீடியம் (நடுத்தரம்), கோர்ஸ் (நீளம்) என்று பிரித்திருப்பார்கள். வெளியில் அதிகம் நிற்கும் குதிரைக்கு நான் மீடியத்துக்குக் கீழே போக மாட்டேன்.

குதிரை நிற்க மாட்டேன் என்கிறது

எந்த நேரத்தில் மறுக்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

மெஷினை ஆன் செய்த உடனேயே, தொடுவதற்கு முன்பே மிரண்டால் அது சத்தத்தின் பயம். வெட்டும் நாளில் அதைச் சரிசெய்ய முடியாது. சில நாள் முன்பிருந்தே, தீனி தின்னும் நேரத்தில் தூரத்தில் மெஷினை ஓடவிடுங்கள். தினம் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். குதிரை நிதானமாக நிற்கும்போது அணைப்பதுதான் முக்கியம். மிரளும்போது அணைத்தால், மிரண்டால் சத்தம் நிற்கும் என்று கற்றுக்கொள்ளும்.

சத்தத்துக்குச் சும்மா நின்று, தொட்டதும் துள்ளினால் அதிர்வின் பயம். உங்கள் இடது உள்ளங்கையைக் குதிரையின் தோளில் வைத்து, ஓடுகிற மெஷினின் பின்பக்கத்தை உங்கள் கையின் மேல் வையுங்கள். அதிர்வு உங்கள் கை வழியாகப் போகும். பழக்கமான கை நடுவில் இருப்பதால் பெரும்பாலான குதிரைகள் ஏற்றுக்கொள்ளும். தலை கீழே இறங்கி, உதடு தளர்ந்து, ஒரு நீண்ட மூச்சு விட்டதும் கையை மெதுவாக விலக்குங்கள்.

பாதி வரை நன்றாக நின்று திடீரென்று துள்ளினால் பிளேடைத் தொட்டுப் பாருங்கள், மேலே சொன்னது போல. காற்று வறண்ட நாளில் இன்னொரு காரணமும் உண்டு. ரோமத்தில் நிலைமின்சாரம் சேர்ந்து பட்டென்று சுளீரிடும். வெட்டின ரோமம் காற்றில் பறந்து உங்கள் கையிலும் மெஷினிலும் ஒட்டிக்கொண்டே இருந்தால் அதுதான். மெஷினை அணைத்து, நன்றாகப் பிழிந்த துணியால் உடம்பை ஒருமுறை துடைத்து, காய்ந்ததும் தொடருங்கள்.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மறுத்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. நான் வருடாவருடம் வெட்டிவந்த ஒரு வயதான பெண் குதிரை, முழு உடம்புக்கும் தூங்குவது போல நிற்கும். ஒரு வருடம் வலது முன்னங்கால் இடுக்கில் மட்டும் காலைத் தூக்கி உதறிக்கொண்டே இருந்தது. ரோமத்தைப் பிரித்துப் பார்த்தேன். வயிற்றுவார் உரசின இடத்தில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு புண், மேலே காய்ந்த தோல், அதற்கு மேலே நீள ரோமம் மூடியிருந்தது. வாரை மாற்றி, புண் ஆறின பிறகு அந்த இடத்தை வெட்டினோம். அன்று அதட்டி நிறுத்தியிருந்தால் அந்தப் புண்ணின் மேலேயே பிளேடை ஓட்டியிருப்பேன். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

மூக்கைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்து வெட்டுவதைவிட, மருத்துவரிடம் மட்டுப்படுத்தும் ஊசி போடச் சொல்வது மேல். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போட்ட குதிரையும் எட்டி உதைக்கும், அதுவும் முன்னறிவிப்பே இல்லாமல். சைலசின், டெட்டோமிடின் வகை மருந்துகள் குதிரையை வியர்க்க வைக்கலாம், வியர்த்த ரோமம் பிளேடை அடைக்கும். அதனால் மருந்து பிடித்ததும் கஷ்டமான தலையையும் இடுக்குகளையும் முதலில் முடித்துவிடுங்கள்.

மின்சார மெஷின் என்றால் ஈரமில்லாத தரை, குளம்புக்கு எட்டாத ஒயர், மின்கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கர் மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

தோலில் கீறல், சிவப்பு, தடிப்பு

கீறல் என்றால் இரண்டில் ஒன்று: தோல் மடிந்தது அல்லது பிளேடில் ஒரு பல் உடைந்திருக்கிறது. முன்னங்கால் இடுக்கு, பின்தொடையும் வயிறும் சேரும் மடிப்பு, தொண்டை ஆகிய இடங்களில் தோல் தளர்ந்து தொங்கும். இடது கையால் தோலை இழுத்துத் தட்டையாக்கிவிட்டுத்தான் மெஷினை வைக்க வேண்டும். முன்னங்காலை ஒருவர் முன்பக்கம் நீட்டிப் பிடித்தால் இடுக்கு நன்றாக விரியும். பிளேடு கீழே விழுந்திருந்தால், ஒரு பல் போயிருந்தாலும் அந்த ஜோடி அதோடு சரி. பல் போன இடைவெளியில் தோல் புகுந்துவிடும்.

வெட்டின சில மணி நேரத்தில் பரவலாகத் தடித்துப்போனால் எண்ணெயோ, சூடோ, புது ஷாம்பூவோ காரணமாக இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் துடைத்து எண்ணெயையும் துணுக்கு ரோமத்தையும் எடுத்துவிடுங்கள். தடிப்பு மறுநாளும் இருந்தாலோ, மூக்கும் கண்ணும் வீங்கினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வட்ட வட்டமாக ரோமம் கொட்டி, செதில் உதிர்ந்தால் படர்தாமரையைச் சந்தேகியுங்கள். அது பூஞ்சை. பிளேடு, பிரஷ், சேணத்துணி வழியாகக் குதிரைக்குக் குதிரை பரவும், மனிதருக்கும் தொற்றும். அந்தக் குதிரைக்குப் பயன்படுத்தினதை எதையும் இன்னொன்றிடம் கொண்டுபோகாதீர்கள். வெட்டும் முன்பே அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் அன்று வெட்டே வேண்டாம். பூஞ்சை இருக்கும் தோலில் மெஷினை ஓட்டினால் அதை உடம்பு முழுக்க நாமே விதைத்தது போலாகிவிடும்.

வெள்ளை ரோமத்துக்கு அடியில் இருக்கும் இளஞ்சிவப்புத் தோல் வெட்டின பிறகு வெயிலில் சீக்கிரம் சிவந்துவிடும். மெல்லிய வலைப் போர்வை, பகலில் நிழல், மூக்கு நுனிக்குச் சன்ஸ்கிரீன் போதும். ஆனால் வெள்ளைத் திட்டுகள் மட்டும் பொருக்குத் தட்டி உரிந்துவந்தால், அது வெறும் வெயில் அல்லாமலும் இருக்கலாம். சில செடிகளைத் தின்றாலோ கல்லீரல் கெட்டாலோ தோல் அப்படி வெளிச்சத்துக்குக் கூசும். ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

எதை விட்டுவைக்க வேண்டும் என்பதும் தோலைச் சேர்ந்ததுதான். காதின் உள்பக்க ரோமம் பூச்சியைத் தடுக்கும், அதைத் தொடாதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் காதை மூடிப் பிடித்து ஓரமாக எடுக்கலாம். கால் ரோமம் ஈக்கும் முள்ளுக்கும் கவசம், பெரும்பாலும் நான் விட்டுவிடுவேன். மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் இருக்கும் மீசை ரோமத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். ஒவ்வொன்றின் வேரிலும் நரம்பு இருக்கிறது. தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது, மீசையால்தான் தடவி அறியும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ., மீசை மழித்த குதிரைகளை 2021 ஜூலை முதல் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. மருத்துவர் சிகிச்சைக்காக எடுத்திருந்தால் மட்டும் விலக்கு.

நிறமே மாறிவிட்டது

செம்பழுப்புக் குதிரை வெட்டின பிறகு எலி நிறத்தில் நிற்கும். நிறம் அழுத்தமாக இருப்பது ரோமத்தின் நுனிப் பக்கம், அடிப்பக்கம் வெளிறியிருக்கும். நுனியை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான். அடுத்த ரோமம் வந்ததும் பழைய நிறம் திரும்பிவிடும்.

வெட்டியாகிவிட்டது, சூடு மட்டும் தணியவில்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முன்னே சொன்ன தகராறுகள் எல்லாம் அழகையும் சிறு வலியையும் பற்றியவை, இது உயிரைப் பற்றியது.

குதிரை ஓடும்போது தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்குமேல் சூடாகத்தான் வெளிவருகிறது. உடம்பு பெரியது, அந்தப் பருமனுக்குத் தோலின் பரப்பு குறைவு. அதனால் வியர்வையைத்தான் அது பெரிதும் நம்பியிருக்கிறது. குதிரை வியர்வையில் லேத்தரின் என்ற புரதம் இருக்கிறது. தண்ணீர் ஒட்டாத ரோமத்தின் வழியாக வியர்வை பரவ அது உதவுகிறது. கழுத்திலும் தொடைகளுக்கு நடுவிலும் வெள்ளை நுரை கட்டுவது அதனால்தான். ரோமத்தைக் குட்டையாக வெட்டினால் இந்த ஏற்பாட்டுக்கு வழி திறந்துவிடுகிறோம். ஆனால் வியர்வையே வராவிட்டால் வெட்டி என்ன பயன்?

வேலை முடிந்து அரை மணி நேரம் நிழலில் நின்ற பிறகும் விலா வேகமாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஓய்வில் நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் காட்டும். அடுத்து, கழுத்தையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். மற்றக் குதிரைகள் நனைந்து நிற்கும் வெக்கையில் உங்கள் குதிரையின் தோல் மட்டும் காய்ந்து, அனலாக இருந்தால், பிடரிக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் மட்டும் லேசாக ஈரம் தெரிந்தால், அது வியர்க்கும் திறனை இழந்துகொண்டிருக்கிறது. மருத்துவர்கள் இதை அன்ஹைட்ரோசிஸ் என்பார்கள். வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் வரும். குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைக்கும் வரும், அங்கேயே பிறந்து வளர்ந்ததற்கும் வரும். தோலுக்குள் சிறிய அளவில் மருந்து செலுத்தி, அந்த இடம் வியர்க்கிறதா என்று பார்த்து உறுதி செய்வார்கள். இப்படிப்பட்ட குதிரைக்கு ரோம வெட்டு ஓரளவு உதவும். ஆனால் விடிகாலை வேலை, மின்விசிறி, அடிக்கடி தண்ணீர் ஊற்றுவது, முடிந்தால் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவது ஆகியவைதான் அதைக் காப்பாற்றும்.

சூடேறிய குதிரை மீது குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் இன்னும் லாயங்களில் இருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கைக்குக் குதிரைகளைத் தயார் செய்தபோது இதை ஆராய்ந்தார்கள், குளிர்ந்த நீரால் அப்படி எந்தக் கெடுதலும் வரவில்லை. எனவே தயங்காதீர்கள். கழுத்து, தோள், விலா, பின்தொடை எல்லா இடத்திலும் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைத்துவிட்டுப் போகாதீர்கள், துணி சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி இறங்காமல் நின்றால், தள்ளாடினால், தீனியையும் தண்ணீரையும் பார்த்தும் பார்க்காதது போல நின்றால் ஊற்றுவதை நிறுத்தாமல் இன்னொருவரை விட்டு மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சில வாரத்திலேயே மறுபடி வளர்ந்துவிட்டது

உதிர்வது பாதியில் இருக்கும்போது வெட்டினால், உள்ளே வந்துகொண்டிருந்த கோடை ரோமம் வளர்ந்து மேலே தெரியும். அது நல்லதுதான், குட்டையாகவே நிற்கும். நீளமாக, அடர்த்தியாகத் திரும்ப வந்தால் மட்டும் முதல் தலைப்புக்குப் போய், மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். குஷிங் நோய் உள்ள குதிரைக்கு ஒரே கோடையில் இரண்டு மூன்று வெட்டுகூடத் தேவைப்படலாம்.

அடுத்த முறை எடுத்தபோது பிளேடு துருப்பிடித்திருந்தது

போன முறை அதை ரோமத்தோடும் வியர்வை ஈரத்தோடும் பெட்டியில் வைத்திருப்பீர்கள். குதிரை வியர்வையில் உப்பு அதிகம், இரும்பைச் சீக்கிரம் அரிக்கும். வெட்டி முடித்த அன்றே பிளேடைக் கழற்றி, பற்களுக்கு இடையில் பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளேடுக்கான கிருமிநாசினியில் கழுவி, முழுக்கத் துடைத்து, இரண்டு பக்கமும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். மழுங்கின ஜோடியை அப்போதே சாணைக்குக் கொடுத்துவிடுங்கள். லேசாகப் படர்ந்த துரு சாணையில் போய்விடும், குழி விழுந்த துரு போகாது, அந்த ஜோடியை மாற்றத்தான் வேண்டும். மெஷினின் இறுக்கும் திருகை முழுக்கத் தளர்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் அடுத்த வருடம் வரை வலு குறையாமல் இருக்கும்.